நேரில் வந்து சொல்லாத சேதி

கடைசியாக என்னைத்தான் கேட்டார்கள்.

திருச்சியில் ஒரு ஓட்டலின் மாடி. கூட்ட அறையில் ஏ.சி. அதிகம். எங்கள் தலைவர் காலையில் யாரோ போட்ட சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜரிகை கழுத்தில் உறுத்துகிறது போலிருக்கிறது, சொறிந்துகொண்டே இருந்தார். மேஜை மேல் பாதி கடித்த மெதுவடைகள். எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வெளியே வைத்துவிட்டார்கள். உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாதாம். கூடை மட்டும் வராந்தாவில் விதவிதமான பாட்டுகளாக அலறிக்கொண்டிருந்தது.

“தஞ்சாவூர் என்ன சொல்லுது?” என்றார் தலைவர்.

தஞ்சாவூர் என்றால் நான். என் ஊர் குடவாசல் பக்கம். அது திருவாரூர் மாவட்டம். ஆனால் எங்கள் கட்சியில் ஆள் குறைவு, அதனால் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துச் செயலாளர் நான் ஒருவன்தான். எங்கள் கட்சி மொத்தமும் இரண்டு வேனில் அடங்கிவிடும் என்று எதிராளிகள் கிண்டல் செய்வார்கள். பச்சைப் பொய். மூன்று வேன் வேண்டும்.

கேள்வி இதுதான். முன்பு எங்களோடு பல வருஷம் கூட்டணியில் இருந்த பெரிய கட்சி, போன தேர்தலுக்கு முன் எங்களைக் கழற்றிவிட்டது. நடுத்தெருவில் நின்ற எங்களை இன்னொரு சின்னக் கட்சி சேர்த்துக்கொண்டது. இப்போது பெரிய கட்சி மறுபடியும் கூப்பிடுகிறது. சேர்த்துக்கொண்டவர்களோடு இருப்பதா, அவர்களை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்புவதா?

எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் “போகலாம்” என்றார்கள். எனக்கும் போகலாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் என் காரணம் அவர்கள் காரணம் இல்லை. அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என் பதிலைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்ற கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்புக்கு நான் உத்தரவாதம் இல்லை.

இரண்டு மாவட்டங்கள்

அவர் பெயர் கலியமூர்த்தி. பூதலூர்க்காரர். பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர்.

கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒன்றியச் செயலாளர் ‘ஒன்றியம்’, நகரச் செயலாளர் ‘நகரம்’. “ஒன்றியத்துக்குச் சுகர் ஏறிப்போச்சு”, “நகரம் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு” என்றெல்லாம் சர்வசாதாரணமாகப் பேசுவோம். வெளியூர்க்காரர் கேட்டால் மிரண்டுபோவார். நானும் மாவட்டம், கலியமூர்த்தியும் மாவட்டம். நான் அவரை “மாவட்டம்” என்பேன், அவர் என்னை “மாவட்டம்” என்பார். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எந்த மாவட்டத்துக்குச் சர்க்கரை இல்லாம?” என்று கேட்பார்.

முதல் கூட்டணியின்போது எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் முன்சீட்டுக்கு ஆசைப்பட்டேன், அவரும் ஆசைப்பட்டார். கடைசியில் முன்சீட்டில் மைக் செட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் முட்டி இடிக்க உட்கார்ந்து ஊர் ஊராகப் போனோம். அந்தப் பின்சீட்டில்தான் சிநேகிதம் வந்தது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. பயிரைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவார். அடுத்த ஊரில் கூட்டம் காத்துக்கொண்டிருக்கும், தாரை தப்பட்டை முழங்கும், இவர் வரப்பில் இறங்கி யாரோ ஒரு விவசாயியிடம், “என்னங்க, பயிர் இப்படி மஞ்சளிச்சுக் கெடக்கு? என்ன போட்டீங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். ஓட்டுக் கேட்கவே மறந்துபோகும். வண்டியில் ஏறியபிறகு, “மாவட்டம், நாம சின்னத்தைச் சொன்னமா?” என்பார்.

மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தேர்தலிலும் இது நடக்கும். அதற்கப்புறம் அவர் கையை மட்டும் ஆட்டுவார், இரண்டு கட்சிக்கும் சேர்த்து நான் கத்துவேன். சட்டைப்பையில் ஒரு டப்பாவில் பனங்கற்கண்டும் மிளகும் வைத்திருப்பார். நான் பேச எழுந்திருக்கும்போது என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுவார். அந்த மிளகுக் காரத்தோடுதான் நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன்.

பேசியதில் பாதி இப்போது ஞாபகம் இல்லை. ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கிறது. கொள்முதல் நிலையத்துக்குக் கூரை போடுவோம், விவசாயி கொண்டுவரும் நெல் மழையில் நனைய விடமாட்டோம் என்று இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் சொன்னோம். நெஞ்சாரச் சொன்னோம். நெல் இன்றைக்கும் தார்ப்பாய்க்கு அடியில்தான் முளைக்கிறது.

தேன்மொழி

கலியமூர்த்திக்கு ஒரே பெண், தேன்மொழி. எனக்கும் விசாலாட்சிக்கும் குழந்தை இல்லை. அந்தப் பெண் எங்களைப் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். லீவுக்குக் குடவாசல் வந்தால் கலியமூர்த்தி நாலு முறை போன் செய்தால்தான் திரும்பிப் போவாள்.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. கட்சித் தலைவர் ஒருவர் தாலியைத் தட்டிலிருந்து எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். நாலு பேர் வாழ்த்திப் பேசுவார்கள். சாப்பாடு. முடிந்தது. தேன்மொழி பாவாடை சட்டை போட்டுத் திரிந்த வயதில் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள், “என் கல்யாணத்துக்கு யாருப்பா தாலி எடுத்துக் குடுப்பா?”

“எங்க தலைவர்தான்.”

“அவரு எல்லாக் கல்யாணத்துக்கும் லேட்டா வராரு. பசிக்கும். பெரியப்பா எடுத்துக் குடுக்கட்டும்.”

கலியமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “கேட்டுக்கிட்டீங்கல்ல மாவட்டம்? சொல்லிட்டா. இனிமே மாத்த முடியாது” என்றார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பதவிக்கு அலைந்திருக்கிறேன். தானாக வந்த பதவி அது ஒன்றுதான்.

ஆகாத மாதம்

ஊருக்கெல்லாம் ஆடியும் மார்கழியும் கல்யாணத்துக்கு ஆகாத மாதம். எங்களைப் போன்ற கட்சிக்காரர்களுக்கு அவற்றைவிட ஆகாத மாதம் ஒன்று உண்டு. தொகுதிப் பங்கீட்டு மாதம். யார் யாரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நேரத்தில் யார் பெயரைப் பத்திரிகையில் அடிப்பது? விவரமானவர்கள் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போடுவார்கள். கலியமூர்த்தி விவரமானவர்தான். ஆனால் மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு அப்போதுதான் கிடைத்தது.

தை மாதக் கடைசியில் அவரும் அவர் மனைவியும் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அறுவடை முடிந்து வைக்கோல் வாசனை ஊர் முழுக்க இருந்தது. பத்திரிகையைப் பிரித்து, ‘மணவிழாவை நடத்தி வைப்பவர்’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். என் பெயர். அதற்குக் கீழேதான் அவர் கட்சிக்காரர்களின் பட்டாளம்.

எனக்கே பயமாகிவிட்டது. “மாவட்டம், பேச்சுவார்த்தை இன்னும் முடியலை. கொஞ்சம் பொறுத்து அடிச்சிருக்கலாமே?”

“எங்க ஆளுங்களும் அதைத்தான் சொன்னாங்க. இது கல்யாணம்டா, சீட்டுப் பேரம் இல்லைன்னு சத்தம் போட்டேன்” என்றார்.

விசாலாட்சி அன்றே கும்பகோணம் போய்ப் பட்டுப்புடவை எடுத்தாள். நான் வாழ்த்துரை தயார் செய்தேன். குளிக்கும்போதும் பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஓடும் எழுத்து

மாசியில் ஒரு பகல். குடவாசல் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை டி.வி.யில் கீழே எழுத்து ஓடியது. பெரிய கட்சி வேறொரு கட்சியோடு உடன்பாடு போட்டுவிட்டது. எங்களுக்கென்று பேசிய தொகுதி அந்தக் கட்சிக்கு. எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. கடைக்காரர் ரிமோட்டை எடுத்துச் சானலை மாற்றினார். அவர் மாற்றியதிலிருந்துதான் நான் படித்தது சரி என்று எனக்கு உறுதியாயிற்று.

பிறகு விவரம் தெரிந்தது. சென்னையில் அவர்கள் தலைமை மாவட்டச் செயலாளர்களை வரிசையாக உட்கார வைத்து, ‘யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை விடலாம்’ என்று கேட்டதாம். அந்த வரிசையில் கலியமூர்த்தியும் இருந்தார். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கழற்றிவிட்டது கட்சி. அது எனக்குப் பெரிதில்லை. அரசியலில் கழற்றி விடுவதும் மாட்டிக்கொள்வதும் நடப்பதுதான். ஆனால் அவர் வருவார் என்று நினைத்தேன். வந்து, “இப்படி ஆகிப்போச்சு மாவட்டம்” என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனேன். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். உர மூட்டை வண்டி, கேஸ் வண்டி, ஐஸ் வண்டி. அவர் வரவில்லை.

பத்திரிகைதான் வந்தது. கூரியரில். புதிதாக அடித்தது. மணவிழாவை நடத்தி வைப்பவர் என்ற இடத்தில் அவர்கள் கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் பெயர் இருந்தது. விசாலாட்சி இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “பேப்பர் முன்னதைவிட நல்ல பேப்பர்” என்றாள். அப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, நான்தான் கூட்டணியை உடைத்த மாதிரி.

விசாலாட்சி போனாள்

நான் கல்யாணத்துக்குப் போக முடியாது. எதிர் அணிக்காரன் வீட்டு விசேஷத்தில் தலையைக் காட்டினால் யாராவது படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. ‘விட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டு ரகசியமாகக் கூப்பிடுகிறாயா’ என்று கலியமூர்த்தியைக் குடைந்து எடுப்பார்கள். அவர் பதவிக்குக் கண் வைத்துக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் விசாலாட்சி புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்க கெளம்பிட்டே?”

“தஞ்சாவூருக்கு. உங்க கட்சிக்கும் அவரு கட்சிக்கும்தான் சண்டை. எனக்கும் தேன்மொழிக்கும் என்ன சண்டை?”

பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் வயலுக்குப் போனேன். நெல் அறுத்த தரிசில் உளுந்து முளைத்துக் கணுக்கால் அளவு நின்றது. பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லை, சும்மா நடந்தேன். இப்போது மண்டபத்தில் நாயனம் ஆரம்பித்திருப்பார்கள், இப்போது மாப்பிள்ளையை அழைத்திருப்பார்கள் என்று மனசு அங்கேயே கிடந்தது. தயார் செய்து வைத்திருந்த வாழ்த்துரையை உளுந்துச் செடிகளுக்குச் சொன்னேன்.

விசாலாட்சி பொழுது சாயும் நேரத்தில் திரும்பினாள். வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்கே வந்துவிட்டாள்.

“பெரிய தலைவர் வந்தாரா?”

“வந்தாரு. லேட்டா. எல்லாரும் பசியில துடிச்சிட்டாங்க. வந்தும் தேர்தலைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு.”

“அப்புறம்?”

“தட்டை நீட்டினாங்க. அவரு கையை நீட்டறதுக்குள்ள தேன்மொழி தாலியை எடுத்துட்டா. எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்துட்டா.”

எனக்குப் புரியவில்லை. “அவளே எடுத்தாளா?”

“அவளேதான். ‘எடுத்துக் குடுக்க வேண்டியவங்க வரலை, நானே எடுத்துக்கறேன்’னு சொன்னா. மைக்கு பக்கத்துல இருந்துச்சு. மண்டபம் பூரா கேட்டுச்சு.”

“ஐயையோ. அந்தத் தலைவர்?”

“நீட்டின கையை அப்படியே கும்பிடற மாதிரி ஆக்கிட்டாரு. அரசியல்வாதி இல்ல? சமாளிச்சிட்டாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது. அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “மாவட்டம் என்ன பண்ணினாரு?”

“தலை குனிஞ்சவரு நிமிரலை. அப்புறம் பந்தியில எனக்கு அவரேதான் இலை போட்டாரு. அவரேதான் பரிமாறினாரு. போதும் போதும்னாலும் வச்சிக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை பேசலை.”

நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். விசாலாட்சி புடவை மண்ணாகும் என்றும் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் தேர்தலில் ஒரே ஒரு முறை அவரை எதிரெதிரே பார்த்தேன். வாய்க்கால் கரை ரோட்டில் எங்கள் வண்டியும் அவர்கள் வண்டியும் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று பின்னால் போனால்தான் இன்னொன்று போகலாம். அவர்கள் ஒலிபெருக்கி எங்களைத் துரோகி என்று திட்டிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி மைக் செட்டை நிறுத்தச் சொன்னார். டிரைவரின் தோளைத் தட்டி, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். மதகுவரை பின்னாலேயே போய் எங்களுக்கு வழி விட்டார்கள். கடக்கும்போது என்னைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் கத்துவதற்கு நான் இல்லை.

அவர்களும் தோற்றார்கள், நாங்களும் தோற்றோம். மூன்றாவதாக நின்றவர் ஜெயித்தார்.

அதிராம்பட்டினத்துக்காரர்

எங்களைச் சேர்த்துக்கொண்ட சின்னக் கட்சியின் மாவட்டச் செயலாளர் ஹாஜா மைதீன். அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் நிற்பதாக இருந்த தொகுதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவர் ஆட்களே அவர் வீட்டு முன்னால் கூடிச் சத்தம் போட்டார்கள். “வீடு தேடி வந்தவங்களை நிக்க வச்சிக்கிட்டு நான் உக்கார முடியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களுக்காக வீதி வீதியாக நடந்தார்.

தேர்தல் முடிந்து எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அத்தனை தூரத்திலிருந்து வந்து பார்த்தார். நோன்பு மாதம். வாயில் தண்ணீர்கூடப் படாமல் வந்து, சாயங்காலம்வரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விசாலாட்சியைப் போய்த் தூங்கச் சொன்னார்.

நல்லவர். மிக நல்லவர். ஆனால் அவர் கலியமூர்த்தி இல்லை. அதற்கு அவர் என்ன செய்ய முடியும்? காரில் அவரோடு போகும்போது பயிர் மஞ்சளித்திருந்தால் என் கண் தானாகப் பின்சீட்டில் வேறொருவரைத் தேடும். அவர் நேராகக் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

திருச்சியில் நான் சொன்னது

இப்போது அந்த ஏ.சி. அறைக்குத் திரும்பலாம். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் கணக்குகளை அடுக்கினார்கள். பெரிய கட்சியோடு போனால் ஜெயிக்கலாம் என்றார்கள். அவர்கள் நம்மிடம் சில நிபந்தனைகளைத் தளர்த்தச் சொல்கிறார்களாம். கொள்முதல் நிலையக் கூரையை ‘நிபந்தனை’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து ‘வேண்டுகோள்’ என்ற தலைப்புக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். வேண்டுகோளை நனைய விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் எழுந்தேன். “இருக்கற இடத்துலயே இருப்போம்” என்றேன். “அந்த அதிராம்பட்டினத்துக்காரர் நமக்காகத் தன் சீட்டை விட்டவரு. நம்மளை விட்டப்ப நமக்கு எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கற யாருக்கும் மறந்திருக்காது.”

மறந்திருந்தது. ஓட்டெடுப்பில் என் கை மட்டும்தான் இருப்போம் என்று உயர்ந்தது. தலைவர் என் தோளில் தட்டி, “உங்க மனசு புரியுது” என்றார். புரியவில்லை. புரிந்திருந்தால் சிரித்திருப்பார். ஏனென்றால் தோற்றுவிட்டுப் படியிறங்கும்போது எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். மறுபடியும் அந்த ஜீப், மறுபடியும் அந்தப் பின்சீட்டு, ‘நாம சின்னத்தைச் சொன்னமா மாவட்டம்?’ கையை ஒரு பக்கம் தூக்கிவிட்டு மனசை இன்னொரு பக்கம் வைத்திருந்த ஆள் நான்.

அறிவிப்பு மறுநாள் காலையில்தான். அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. கூடையிலிருந்து என் போனைப் பொறுக்கிக்கொண்டு காரில் ஏறினேன். டிரைவர் குடவாசலுக்குத்தானே என்றார். “அதிராம்பட்டினத்துக்கு விடு” என்றேன்.

கடைசிக் கேள்வி

போய்ச் சேரும்போது அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கடல் காற்றில் கருவாட்டு வாடை. ஹாஜா மைதீன் என்னை வாசலில் பார்த்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

“என்னண்ணே, சொல்லாம கொள்ளாம? அண்ணிக்கு ஒண்ணும் இல்லையே?”

உள்ளே உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நாளைக்குக் காலையில் டி.வி.யில் வரும், அதற்கு முன் என் வாயால் கேட்கட்டும் என்றுதான் வந்தேன் என்றேன். நான் எதிர்த்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து அவர் மனைவி இறால் வாடாவும் டீயும் கொடுத்தனுப்பினார். “சாப்பிடுங்க, ஆறிடும்” என்றார் ஹாஜா மைதீன். நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் கடைசியில். “பூதலூர்க்காரரு உங்களை விட்டப்ப, அவரு நேர்ல வந்து சொல்லியிருந்தா உங்களுக்கு மனசு ஆறியிருக்குமா?”

கலியமூர்த்தியைப் பற்றி இவரிடம் நான் மணிக்கணக்கில் புலம்பியிருக்கிறேன். அவர் எதையும் மறக்கவில்லை.

யோசித்தேன். “ஆறியிருக்காது” என்றேன்.

“ஆனா வரலையே, வரலையேன்னு இத்தனை வருஷமா நெனச்சிக்கிட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“நீங்க வந்துட்டீங்க. எனக்குக் கோவம்தான். நாளைக்கு மேடையில உங்களைத் திட்டத்தான் செய்வேன், அதுக்குத் தப்பா நெனைக்காதீங்க. ஆனா உங்களை எதிர்பார்த்துக்கிட்டு வாசலைப் பாக்கற வேலை எனக்கு இல்லை. அது போதும்.”

எழுந்து வந்து கார் கதவை அவரே திறந்துவிட்டார்.

இப்போது பெரிய கட்சியோடு இருக்கிறோம். ஹாஜா மைதீன் சொன்னபடி மேடைதோறும் எங்களைத் திட்டுகிறார். நன்றாகத் திட்டுகிறார், நியாயமாகவும் திட்டுகிறார். தஞ்சாவூரில் நடந்த முதல் கூட்டத்தில் கலியமூர்த்தி எனக்குச் சால்வை போட்டு என் கையைத் தூக்கிப் பிடித்தார். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அவர் கை முன்பைவிட மெலிந்திருந்தது.

ஒரே வண்டியில்தான் போகிறோம், முட்டி இடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். தேன்மொழியின் குழந்தையைப் போனில் காட்டுகிறார். அவர் மனைவியின் மூட்டு வலியைப் பேசுகிறோம், தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பேசுகிறோம். அந்த மாசி மாதத்தை மட்டும் பேசவில்லை. சில சமயம் அவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார். இதோ சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்ப்பேன்.

“மாவட்டம், அந்த வயலைப் பாருங்க, என்ன பச்சை!” என்பார்.

நானும் திரும்பி வயலைப் பார்ப்பேன்.